பதிவேட்டில் எழுதப்பட்ட வயது: ஐந்தாண்டுக் கெடுவும் சேரியின் பிறந்த நாளும்

வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். விரல் எட்டினால் ஐந்து வயது நிறைந்துவிட்டது. எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வரலாம். தமிழ்நாட்டின் கிராமப் பள்ளிகளில் பல பத்தாண்டுகள் வயதுச் சான்றாக இருந்தது இந்த ஒரு சோதனைதான். காது எட்டிய பிள்ளைக்குத் தலைமையாசிரியர் ஒரு தேதியை எழுதினார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், அந்தத் தேதி மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ விழும்படி எழுதப்பட்டது. நம் பெற்றோர் தலைமுறையில் இத்தனை பேர் மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்திருப்பதன் காரணம் இயற்கை அல்ல, சேர்க்கைப் பதிவேடு.

இந்தச் சோதனை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் நடந்தது, உண்மைதான். ஆனால், ஊர்த்தெருவின் பல வீடுகளில் ஜாதகம் இருந்தது. பிள்ளை பிறந்த நாழிகையைக் குறித்துவைக்க எழுதத் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தார். தவறான தேதி எழுதப்பட்டால் பள்ளிக்குச் சென்று திருத்தச் சொல்லும் துணிவும் அவர்களுக்கு இருந்தது. சேரியில் பிரசவம் மருத்துவச்சியின் கையில், குடிசைக்குள் நடந்தது. பிறப்பைப் பதிய வேண்டிய கிராமப் பதிவேடு மணியக்காரர் வீட்டில் இருந்தது. 1980 நவம்பரில் அந்தப் பதவிகள் ஒழிக்கப்படும் வரை, தலைமுறை தலைமுறையாக அவை பெரும்பாலும் ஆதிக்கச் சாதிக் குடும்பங்களிடமே இருந்துவந்தன. மணியக்காரர் வீட்டுத் திண்ணையில் ஏற முடியாத ஒரு தகப்பன், தன் பிள்ளையின் பிறப்பைச் சொல்லிப் பதிவுசெய்து, அந்தப் பதிவு சரிதானா என்று எட்டிப் பார்த்திருப்பார் என நம்புவது கடினம்.

இதனால் சேரிக்கு வயது தெரியாது என்று பொருளாகாது. “அண்ணா இறந்த மாதம் பிறந்தவள்”, “தனுஷ்கோடியைக் கடல் கொண்ட ஆண்டு கைக்குழந்தை” என்று நம் பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். முதலாவது 1969 பிப்ரவரி. இரண்டாவது 1964 டிசம்பர். காதைத் தொடவைத்துக் குறித்த தேதியைவிட இவை துல்லியமானவை. எழுத்தில் இல்லை என்பது மட்டுமே இவற்றின் குறை. அந்தக் குறை அரசு வேலைக்குள் நுழைந்த பிறகு எப்படி ஒரு மனிதரின் ஊதியமாகவும் ஓய்வூதியமாகவும் கணக்கிடப்படுகிறது என்பதையே இங்கே பார்க்கப்போகிறோம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1969 பிப்ரவரியில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பள்ளியில் 1-6-1967 என்று எழுதிவிட்டார்கள். அவர் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்திருக்கிறார். 2021 முதல் இங்கே ஓய்வு வயது 60. உண்மைத் தேதிப்படி அவர் 2029 பிப்ரவரி வரை வேலை செய்யலாம். பதிவேட்டுத் தேதிப்படி 2027 மே 31-ஆம் நாள் மாலை அவருடைய பணி முடிந்துவிடுகிறது. மாதத்தின் முதல் நாள் பிறந்தவர் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. போனது 21 மாத ஊதியம். அதோடு, அந்த மாதங்களில் கிடைத்திருக்க வேண்டிய ஊதிய உயர்வும், அதன்மேல் கணக்கிடப்படும் ஓய்வூதியமும் ஆயுள் முழுவதும் குறைகின்றன.

முதல் பக்கத்தில் எழுதியவர் யார்?

ஒவ்வொரு அரசு ஊழியருக்கும் ஒரு பணிப் பதிவேடு உண்டு. அதன் முதல் பக்கத்தில் பெயர், தந்தை பெயர், உடல் அடையாளங்கள், சாதி ஆகியவற்றோடு பிறந்த தேதியும் எண்ணாலும் எழுத்தாலும் எழுதப்படுகிறது. கீழே ஊழியரின் கையொப்பம் அல்லது விரல் ரேகை. பள்ளி இறுதிச் சான்றிதழ் உள்ளவருக்கு அதிலுள்ள தேதி அப்படியே ஏறும். சான்றிதழ் இல்லாதவருக்கு என்ன எழுதுவது என்பதற்கும் ஒன்றிய அரசின் நிதி விதிகளில் வழிசெய்யப்பட்டிருந்தது. ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜூலை 1. ஆண்டும் மாதமும் தெரிந்தால் அந்த மாதத்தின் 16-ஆம் நாள். தோராய வயது மட்டுமே தெரிந்தால், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அத்தனை ஆண்டுகளைக் கழித்துக் கிடைக்கும் தேதி.

சான்றிதழ் இல்லாமல் அரசு வேலைக்கு வந்தவர்கள் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. நகராட்சித் தூய்மைப் பணியாளர்கள், ரயில்வேயின் தண்டவாளக் கூலிகள், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள், சுரங்கங்களில் கரி சுமந்தவர்கள். பல ஆண்டுகள் தினக்கூலியாக வேலை வாங்கிய பிறகு, பணிவரன்முறை செய்யும் நாளில் அலுவலக எழுத்தர் “வயசு என்ன?” என்று கேட்டிருப்பார். இல்லாவிட்டால் அரசு மருத்துவர் பல்லையும் முகத்தையும் பார்த்து ஒரு எண்ணைச் சொல்லியிருப்பார். இருபது வயதிலிருந்து மலத்தையும் குப்பையையும் சுமந்தவரின் முகம் உண்மை வயதைவிடப் பத்தாண்டு கூடுதலாகக் காட்டும் என்பதை எந்த மருத்துவச் சான்றும் கழித்துக்கொள்வதில்லை. எலும்பு வளர்ச்சியை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கும் சோதனையிலேயே இரண்டாண்டு முன்பின்னாகப் பிழை வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே ஏற்றுக்கொண்டது. அதுவும் வளரிளம் பருவத்தினரைப் பற்றியது. முப்பதைத் தாண்டிய உடலில் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு மதிப்பீடு என்ற பெயர்கூட அதிகம்.

ஜூலை 1 பற்றி இடையில் ஒரு செய்தி. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் ஒன்றிய அரசு ஊழியர் அனைவருக்கும் ஆண்டு ஊதிய உயர்வு ஜூலை 1-ஆம் நாள் என்று வகுக்கப்பட்டது. தேதி தெரியாததால் ஜூலை 1 என்று எழுதப்பட்டவர் ஜூன் 30-ஆம் நாள் ஓய்வு பெறுவார். ஓராண்டு முழுதும் உழைத்து ஈட்டிய உயர்வு மறுநாள்தான் வரும். அன்று அவர் பணியில் இல்லை என்று சொல்லி அதை மறுத்துவந்தார்கள். 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மறுப்பு செல்லாது என்றது. 2023 ஏப்ரலில், கர்நாடக மின்வாரிய வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதே நிலையை எடுத்தது. ஜூன் 30-இல் ஓய்வு பெறுபவர்கள் எல்லோருக்கும் உரிய பிரச்சினை அது. ஆனாலும், பிறந்த தேதி தெரியாத ஒரே காரணத்தால் அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டவர்கள் அதில் இருந்தார்கள் என்பதை எவரும் தனியே பேசவில்லை.

விதி என்ன சொல்கிறது

ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு அடிப்படை விதி 56-இன் கீழுள்ள குறிப்பு பொருந்தும். 1979-இல் சேர்க்கப்பட்ட அந்தக் குறிப்பு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். நேர்மையான பிழை நடந்தது என்பது தெளிவாக மெய்ப்பிக்கப்பட வேண்டும். திருத்திய தேதியின்படி பார்த்தால், அவர் எழுதிய பள்ளி, பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கோ பணி நுழைவுக்கோ அன்று வயதுத் தகுதி இல்லாதவராக ஆகிவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் இதைச் சார்நிலைப் பணி விதிகளின் பொது விதி 49 ஆண்டது. 2016-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் பணி நிபந்தனைகள் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. இங்கும் கெடு ஐந்தாண்டுதான். விண்ணப்பம் நியமன அலுவலருக்குச் செல்ல வேண்டும். பிழை நேர்மையானது என்று மெய்ப்பிக்கப்பட்டாலும், உண்மை வயது தெரிந்திருந்தால் அன்று அவருக்கு வேலை கிடைத்திருக்குமா என்ற கேள்வியை அரசு எழுப்பிப் பார்க்கும். கர்நாடகத்தில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றே ஆண்டுகள்தான் கெடு.

கெடு தாண்டிய பிறகு நீதிமன்றம் சென்றவர்களில் மிகப் பலர் தோற்றிருக்கிறார்கள். 1956-இல் ஒன்றிய அரசுப் பணியில் சேர்ந்து, ஓய்வு நெருங்கிய 1991-இல் திருத்தம் கேட்ட ஒருவரின் வழக்கில், 35 ஆண்டு மௌனத்தைக் காரணம் காட்டி 1993-இல் உச்ச நீதிமன்றம் அவரது கோரிக்கையைத் தள்ளியது. 1979-க்கு முன்பே பணியில் இருந்தவர்களும், குறிப்பு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு, தமிழ்நாடு உள்துறை தொடர்பான மற்றொரு வழக்கில் நீதிமன்றம் இன்னொரு காரணத்தையும் சேர்த்தது. ஒருவர் கூடுதலாக ஈராண்டு இருந்தால், அவருக்குக் கீழே பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் வரிசை முழுதும் பாதிக்கப்படும். சிலர் காத்திருந்தே ஓய்வு பெற்றுவிடுவார்கள். 2011-இல் மத்தியப் பிரதேசக் காவலர் ஒருவரின் வழக்கிலும், 2021 செப்டம்பரில் கர்நாடக ஊரக உட்கட்டமைப்பு நிறுவன ஊழியர் வழக்கிலும் இதே பாதைதான். வலுவான சான்று இருந்தாலும், திருத்தத்தை உரிமையாகக் கோர முடியாது என்பது 2021 தீர்ப்பு.

இந்தக் கண்டிப்பை முழுவதுமாக எதிர்க்க நம்மால் இயலவில்லை. திருத்தம் கேட்டு வருபவர்கள் எல்லோரும் காதைத் தொட்டுப் பள்ளி சேர்ந்தவர்கள் அல்லர். இராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த வி.கே.சிங், தன் பிறந்த ஆண்டு 1950 அல்ல, 1951 என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். பள்ளி இறுதிச் சான்றிதழ் 1951 என்றது. தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேரும்போது எழுதிய விண்ணப்பம் 1950 என்றது. நீதிமன்றம் இசையாததால் மனுவைத் திரும்பப் பெற்று, அந்த ஆண்டு மே மாத இறுதியில் ஓய்வு பெற்றார். உயர் பதவியில் இருப்பவருக்கு ஓராண்டு நீட்டிப்பு என்பது ஊதியத்தோடு அதிகாரமும் சேர்ந்தது. அப்படியொருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது, கீழே இன சுழற்சியில் தன் முறைக்காகக் காத்திருப்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். கெடுவே கூடாது என்று நாம் கோரினால், அதன் பலனை முதலில் அறுவடை செய்பவர்கள் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்கள்தாம்.

ஆகவே ஐந்தாண்டு என்ற எண்ணோடு நமக்குச் சண்டை இல்லை. அந்த ஐந்தாண்டு எந்த நாளிலிருந்து, யாருக்கு ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் நமது கேள்வி. தன் பதிவேட்டைத் தானே வாசித்து, பிழையைக் கண்டு, எழுத்தில் முறையிடக்கூடிய ஊழியரை மனத்தில் வைத்து இயற்றப்பட்டது இந்த விதி. விரல் ரேகை வைத்தவருக்குத் தான் எதன் கீழே ரேகை வைத்தோம் என்பதே தெரியாது. ஓய்வு பெறும் ஆணை கைக்கு வரும் நாளில்தான் பலருக்குத் தங்கள் அரசாங்க வயது தெரிகிறது. அதை மௌனம் என்று சட்டம் அழைக்கிறது.

அலுவலகத்தின் கடமை

இந்த இடத்தில் பெரும்பாலான வழக்குகளில் பேசப்படாத இரண்டு விதிகளை நினைவூட்ட விரும்புகிறோம். ஒன்றிய அரசின் துணை விதி 202, ஆண்டுதோறும் பணிப் பதிவேட்டை ஊழியரிடம் காட்டி அவரது கையொப்பத்தைப் பெறுவதை அலுவலகத் தலைவரின் கடமையாக்குகிறது. பதிவேட்டின் முதல் பக்கத்திலும், இப்பக்கத்தின் பதிவுகள் ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது மீண்டும் சரிபார்த்துச் சான்றொப்பம் இடப்பட வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. ஊழியருக்கு ஐந்தாண்டுக் கெடு என்றால் அலுவலகத்துக்கும் ஐந்தாண்டுக் கடமை ஒன்று உண்டு. முன்னது தவறினால் உரிமை போகிறது; பின்னது தவறினால் எந்த அலுவலருக்கும் எதுவும் ஆவதில்லை. நகராட்சிகளின் துப்புரவுப் பிரிவுகளில் எத்தனை பதிவேடுகளின் முதல் பக்கத்தில் இரண்டாவது சான்றொப்பம் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்ப்பது, ஒரு மாணவர் குழு எடுத்துச் செய்யத்தக்க ஆய்வு.

காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வழக்கே சான்று. நிலக்கரிச் சுரங்கங்களில், மூன்றாவது தேசிய ஊதிய ஒப்பந்தத்தை ஒட்டி 1987-இல் தொழிலாளர்களின் பணிக் குறிப்புகளைச் சீர்செய்யும் நடவடிக்கை நடந்தது. ஒவ்வொருவரிடமும் அவரவர் பதிவின் நகலைக் கொடுத்து, தவறிருந்தால் சொல்லச் சொன்னார்கள். 1973-இல் பாரத் கோக்கிங் கோல் நிறுவனத்தில் கரி ஏற்றும் தொழிலாளியாகச் சேர்ந்த ஒருவர், அப்போதுதான் தன் பிறந்த ஆண்டு 1947 என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தார். அவரது பள்ளிச் சான்றிதழும், சுரங்க மேற்பார்வைப் பணிக்கான சான்றிதழும் 1950 என்றன. உடனே எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தார். நிறுவனம் திருத்தவில்லை, 2007-இல் பழைய தேதிப்படியே வீட்டுக்கு அனுப்பியது. ஆனால், 2014-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஓய்வுக்கு 20 ஆண்டு முன்பே அவர் முறையிட்டிருந்தார், அதுவும் நிறுவனமே திறந்துவிட்ட வாய்ப்பில் முறையிட்டிருந்தார் என்பதே தீர்ப்பின் அடித்தளம். அதே நிறுவனத்தின் இன்னொரு தொழிலாளி ஓய்வு நெருங்கும்போது கேட்டார், 2020-இல் தோற்றார். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 1987-இல் கொடுக்கப்பட்ட ஒரு தாள்.

மூன்றாவது நிபந்தனையைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும். திருத்திய தேதிப்படி அவர் சேர்ந்த நாளில் 18 நிறையாதவர் என்றால் திருத்தம் கிடையாது. குறைந்த வயதில் வேலை பெற்ற ஆதாயத்தையும் நீண்ட பணியின் ஆதாயத்தையும் ஒருவரே பெறக் கூடாது என்பது அதன் நியாயம். எழுத்துத் தேர்வு எழுதி வந்த அலுவலருக்கு இது பொருந்தும். தாயோ தகப்பனோ செத்த பிறகு அதே தெருவில் அதே துடைப்பத்தை எடுத்துக்கொண்ட பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, வயதைக் கூட்டி எழுதி வேலை வாங்கியது யாருடைய ஆதாயம்? பள்ளிக்குப் போக வேண்டிய மூன்றாண்டுகளை நகராட்சி எடுத்துக்கொண்டது. பின்னர் அந்த மூன்றாண்டுகளைத் திருப்பிக் கேட்டால், நீ ஏமாற்றி நுழைந்தாய் என்கிறது. இந்த வாதம் இதுவரை நீதிமன்றங்களில் வலுவாக வைக்கப்பட்டதாக நமக்குத் தோன்றவில்லை. வைக்கப்பட வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது

இந்தக் கட்டுரையை வாசிக்கும் மாணவர் பலர் அடுத்த சில ஆண்டுகளில் அரசுத் தேர்வு எழுதுவார்கள். செயற்பாட்டாளர்கள் தூய்மைப் பணியாளர் சங்கங்களோடு வேலை செய்பவர்கள். இருவருக்கும் சில செய்திகள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகும் முன் தேதியைத் திருத்துவது எளிது. தலைமையாசிரியர் வழியே முடியும். அச்சான பிறகு உரிமையியல் நீதிமன்றத்தின் விளம்புகைத் தீர்ப்பு வரை போக நேரும். அந்த வழக்கில் நம்மவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு, பள்ளியையும் தேர்வுத் துறையையும் மட்டும் எதிர்வாதியாக்குவது. ஏற்கெனவே பணியில் இருப்பவர், தன்னை வேலைக்கு வைத்த துறையையும் சேர்க்க வேண்டும். அரசுக்கு எதிரான வழக்கு என்பதால் இரண்டு மாத முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும். துறைக்குத் தெரியாமல் பெற்ற தீர்ப்பு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அது பின்னாளில் சொல்லிவிடும். வழக்கு நடக்கும் காலத்தில் ஐந்தாண்டு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், தீர்ப்புக்காகக் காத்திராமல் துறை விண்ணப்பத்தை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். காட்ட மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும். தன்னுடைய பதிவைத் தானே கேட்பவரிடம் அந்தரங்கம் என்று சொல்லி மறுக்க இடமில்லை. தமிழ்நாட்டில் பதிவேடுகள் இப்போது ‘களஞ்சியம்’ மின்னணு அமைப்பில் ஏற்றப்பட்டுவிட்டன. தட்டச்சுப் பிழை புகுவதற்கு அது ஒரு புதிய வாசல் என்பதால், தாளில் உள்ள தேதியும் திரையில் உள்ள தேதியும் ஒன்றுதானா என்பதையும் ஒப்பிட வேண்டும்.

தேதி தவறு என்றால், வாய்மொழியாக எழுத்தரிடம் சொல்லிவிட்டு வராதீர்கள். நியமன அலுவலர் பெயரில் எழுத்து விண்ணப்பம், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை, இல்லையேல் பதிவஞ்சல் ரசீது. நிலக்கரித் தொழிலாளியை 2014-இல் காப்பாற்றியது அப்படிப்பட்ட ஒரு தாள்தான். சான்றுகளில், பிறந்த காலத்திலேயே செய்யப்பட்ட பிறப்புப் பதிவு முதலிடம் பெறும். பின்னாளில் கோட்டாட்சியர் அல்லது நீதித்துறை நடுவரின் ஆணை பெற்றுச் செய்த தாமதப் பதிவை ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு வலுவான சான்று என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால், எதை வைத்து அந்தத் தேதி எழுதப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லாதபோது அதன் மதிப்பு குறைவு என்று 1988-இல் ஒரு தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நமக்கு எதிராகப் பள்ளித் தேதி நீட்டப்படும்போது இது பயன்படும். தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, உடன்பிறந்தோரின் பதிவான தேதிகள் ஆகியவற்றையும் திரட்டுங்கள். ஒரே தாய்க்கு நான்கு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் பிறந்ததாகப் பள்ளிப் பதிவேடு சொல்லுமானால், அதில் ஒன்றாவது பொய் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆதார் அட்டையை நம்ப வேண்டாம். ஆவணம் இல்லாதவருக்கு அவர் சொன்ன வயதையோ தோராய வயதையோ ஏற்றிக்கொண்ட அட்டை அது. ஜனவரி 1-இல் பிறந்தவர்களாக ஆதார் ஆக்கிவைத்த முதியவர்கள் ஒவ்வொரு சேரியிலும் உண்டு. அவர்களில் வயது குறைத்து எழுதப்பட்டவர்கள் முதியோர் உதவித்தொகைக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள். பிறந்த தேதிக்கு ஆதார் சான்று ஆகாது என்று அதை வழங்கும் ஆணையமே 2023 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது. 2024 ஜனவரியில் வருங்கால வைப்பு நிதி அமைப்பு தன் சான்றுப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஆதாரைவிடப் பள்ளிச் சான்றிதழையே ஏற்றது. நகராட்சிகள் துப்புரவை ஒப்பந்த நிறுவனங்களிடம் கொடுத்துவிட்ட இந்நாளில், ஒப்பந்தக்காரர் ஆதாரைப் பார்த்து எழுதிய தேதிதான் பல தொழிலாளர்களின் வைப்பு நிதிக் கணக்கில் இருக்கிறது. பணம் எடுக்கப் போகும் நாளில் மட்டுமே அந்த முரண் வெளிப்படும்.

விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தோடு எழுத்தில் ஆணை கேளுங்கள். ஒன்றிய அரசு ஊழியர் அந்த ஆணை வந்த ஓராண்டுக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். மாநில அரசு ஊழியருக்குச் சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இதை அறியாமல் வட்டிக்குக் கடன் வாங்கி வழக்கு நடத்துவோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

சங்கங்கள் கோர வேண்டியவை தெளிவானவை. பணிவரன்முறை செய்யும்போது பிறந்த தேதியை எதன் அடிப்படையில் எழுதினார்கள் என்பதைப் பதிவேட்டிலேயே குறிக்க வேண்டும். எழுத்தறியாத ஊழியருக்கு முதல் பக்கத்தைத் தமிழில் வாசித்துக்காட்டி, சங்கப் பிரதிநிதி ஒருவரின் சாட்சிக் கையொப்பத்தோடு ரேகை பெற வேண்டும். அப்படிக் காட்டப்பட்டதற்கான சான்று பதிவேட்டில் இல்லாதபோது, காட்டிய நாளிலிருந்தே ஐந்தாண்டைக் கணக்கிட வேண்டும். நிலக்கரிச் சுரங்கங்களில் 1987-இல் செய்ததைப் போல, உள்ளாட்சிகளின் துப்புரவுப் பிரிவுகள் அனைத்திலும் ஒரு முறை பதிவின் நகலைக் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும்.

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தம், அந்நாளுக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் அரசு வேலை வரை பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆவணம் என்கிறது. அந்தக் குழந்தைகள் 18 வயதை எட்டுவது 2041-இல். அதுவரை அரசு வேலையில் சேரப்போகும் ஒவ்வொருவரும் அதற்கு முன் பிறந்தவர்கள்தாம். அவர்களது பெற்றோரில் பலர் இப்போது பணியில் இருக்கிறார்கள். அவர்களுடைய முதல் பக்கத்தில் காதைத் தொட்டுக் கிடைத்த தேதியோ ஜூலை 1-ஓ இருக்கிறது.